தீவுகளைக் குறையுங்கள், காற்றுக்கு ஒரு நாள் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் பயண இணைப்பில், தம்பதிகளுக்கான கிரேக்கத் தீவுப் பயணத் திட்டம் ஒன்று வெளியாகியிருந்தது. ஏழே இரவுகளில் ஏதென்ஸ், மைக்கோனோஸ், சாண்டோரினி, கிரீட், ரோட்ஸ், கோர்ஃபு என ஆறு ஊர்கள். வரைபடத்தில் விரலை நகர்த்திப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். கப்பல் வழித்தடத்தைப் பார்த்தால் கதை வேறு. இந்த வகைப் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் தொழிலில் இருப்பதால், அந்தத் திட்டத்தை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாதே என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கோர்ஃபு. அது கிரீஸுக்கு மேற்கே, அயோனியன் கடலில் இருக்கிறது. மற்றத் தீவுகள் கிழக்கே, ஏஜியன் கடலில். நடுவில் நாட்டின் நிலப்பரப்பே கிடக்கிறது. மைக்கோனோஸிலிருந்து கோர்ஃபுவுக்குக் கப்பலேறிப் போய்விட முடியாது. ஏதென்ஸுக்குத் திரும்பி விமானம் பிடிக்க வேண்டும். ரோட்ஸ் துருக்கிக் கரையை ஒட்டிய தீவு; ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் போனால் ஓர் இரவு போய்விடும். லிண்டோஸ் கோயிலும் மத்தியகாலக் கோட்டை நகரமும் அருமையானவை. அவற்றுக்குத் தனிப் பயணம் வைத்துக்கொள்வதே முறை. கடற்கரையும் பழங்கால இடிபாடுகளும் ஒன்றுசேர வேண்டும், அதுவும் முதல் பயணம் என்றால், சிக்லடீஸ் தீவுக்கூட்டம் ஒன்றே போதும்: நாக்ஸோஸ், பாரோஸ், மைக்கோனோஸ், டெலோஸ், மிலோஸ், சாண்டோரினி எல்லாம் அதில்தான் வருகின்றன.

தீவு மாறும் நாளின் கணக்கைக் கட்டுரை போடவே இல்லை. கப்பல் இரண்டு மணி நேரம் என்றால் பயணமும் இரண்டு மணி நேரம் என்று எண்ணிவிடுகிறார்கள். காலையில் பெட்டி கட்டி அறையைக் காலி செய்ய வேண்டும். துறைமுகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். கப்பல் அரை மணி, முக்கால் மணி தாமதமாக வருவது அங்கே சாதாரணம். இறங்கியதும் பேருந்துக்கோ வாடகை வண்டிக்கோ காத்திருப்பு. புதிய விடுதியில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். ஆக, ஒவ்வொரு மாற்றமும் ஒரு பகலைத் தின்றுவிடும். ஆறு ஊர் என்றால் ஐந்து பகல் பெட்டியோடு போயிற்று. ஒரு தீவில் மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய விடுபடல் காற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும்போதே வீசும் காற்று இது. மேகமில்லை, மழையில்லை, பிறகு ஏன் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்று பயணிகள் குழம்புவது இதனால்தான். காலையில் சற்று அடங்கி, பிற்பகலில் வலுக்கும். சில நேரம் மூன்று, நான்கு நாள் விடாமல் அடிக்கும். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் அது குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் பயணத் தடை விதிப்பார்கள். முதலில் மாட்டுவது சிறு படகுகள், அடுத்து வேகக்கப்பல்கள். பெரிய சாதாரணக் கப்பல்கள் கடைசிவரை ஓடும்.

தடை வந்தால் என்ன கிடைக்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் கடற்பயணிகள் உரிமை விதி (1177/2010) படி, கப்பல் ரத்தானாலோ, புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்றாலோ, டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது அடுத்த கப்பலில் இடம் கேட்கலாம். ஆனால் ரத்துக்குக் காரணம் வானிலை என்றால், இரவு தங்கும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை. அந்தச் செலவு நம் தலையில்தான். அடுத்த நாள் கப்பலில் இடம் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. முந்தைய நாள் நின்றுபோன கூட்டம் முழுவதும் அதைத்தான் எதிர்பார்த்து நிற்கும்.

எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் வைக்கவே கூடாது. ஏதென்ஸைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள், இரண்டு இரவு வையுங்கள். கப்பல் ஒழுங்காக ஓடினால் குன்றின் மேலுள்ள பழங்காலக் கோயில் வளாகமான அக்ரோபோலிஸைப் பார்க்க நிதானமாக ஒரு நாள் கிடைக்கும்; ஓடாவிட்டால் அந்த நாள் இழப்பைத் தாங்கிக்கொள்ளும். அதோடு, ஏதென்ஸின் அருங்காட்சியகத்தைத் தீவுகளுக்குப் பிறகு பார்ப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பத்து இரவு கையில் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். வந்திறங்கும் இரவு ஏதென்ஸில் அல்லது பிரேயஸில். மறுநாள் காலைக் கப்பலில் நாக்ஸோஸ், அங்கே நான்கு இரவு. பிறகு சாண்டோரினி மூன்று இரவு. கடைசி இரண்டு இரவு ஏதென்ஸ். பிரேயஸிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்கள் பல இதே வரிசையில்தான் போகின்றன. அதனால் கப்பல் மாறும் தொல்லை இல்லை. சாதாரணக் கப்பலில் பிரேயஸ் முதல் நாக்ஸோஸ் வரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து சாண்டோரினிக்கு இரண்டு மணி நேரம் போல. டெலோஸுக்காக மைக்கோனோஸ் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் முதல் இரவையும் நாக்ஸோஸில் ஓர் இரவையும் எடுத்து அங்கே போடலாம்; நான் சொன்ன மூன்று இரவுக் கணக்குக்கு இது ஒன்றுதான் விலக்கு. மைக்கோனோஸுக்கு ரஃபீனா துறைமுகம் வசதி. பிரேயஸைவிட விமான நிலையத்துக்கு அது மிகவும் பக்கம். பகலில் வந்திறங்குபவர்கள் நகருக்குள் நுழையாமலே கப்பலேறிவிடலாம்.

வேகக்கப்பலா, சாதாரணக் கப்பலா? கட்டுரை வேகக்கப்பலைத்தான் பரிந்துரைத்தது. நான் மாற்றிச் சொல்வேன். வேகக்கப்பலில் கட்டணம் அதிகம். பெரும்பாலானவற்றில் மேல்தளத்துக்குப் போக முடியாது. மூடிய கூடத்தில், எண்ணிட்ட இருக்கையில் உட்கார்ந்தே போக வேண்டும். கப்பலின் உடல் இலேசானது என்பதால் அலையில் துள்ளும். வாந்தி வருபவர்களுக்கு நரகம். பெரிய கப்பலில் திறந்த தளம் உண்டு, எழுந்து நடக்கலாம், தீவுகள் கடந்துபோவதைப் பார்க்கலாம். சாண்டோரினியின் எரிமலைக் குழிக்குள் கப்பல் நுழையும் அந்த அரைமணி நேரத்தைக் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் கழிப்பது பாவம்.

பிரேயஸ் துறைமுகம் மிகப் பெரியது. ஈ1 முதல் ஈ12 வரை வாயில்கள். தவறான வாயிலில் இறங்கிவிட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தொலைவு ஓட வேண்டியிருக்கும். சிக்லடீஸ் கப்பல்கள் பெரும்பாலும் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஈ6, ஈ7 வாயில்களிலிருந்து புறப்படும். ரோட்ஸ் பக்கம் போகும் கப்பல்கள் தொலைவில் உள்ள ஈ1 வாயிலில் நிற்கும். டிக்கெட்டில் போட்ட வாயிலை முதல் நாள் மாலை மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் 2022 முதல் பிரேயஸ் வரை நேராகவே போகிறது. ஒருவருக்கு 9 யூரோ. மெட்ரோ இரவு முழுவதும் ஓடாது. விடிகாலைக் கப்பலுக்குப் போவோருக்கு எக்ஸ்96 பேருந்துதான்; அது 24 மணி நேரமும் உண்டு.

கப்பலேறும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்புறக் கதவு வழியாக, லாரிகள் ஏறும் அதே தளத்தில்தான் நாமும் நுழைவோம். அங்கே இரும்புத் தட்டுகளில் தீவுப் பெயர் எழுதியிருக்கும். இறங்கும் தீவின் தட்டில் பெட்டியை வைத்துவிட்டு, பாஸ்போர்ட், பணம், மருந்து அடங்கிய சிறு பையோடு மேலே போக வேண்டும். தீவு நெருங்கும்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அப்போதே கீழே வந்துவிட வேண்டும். இடைத் துறைமுகங்களில் கப்பல் சில நிமிடங்கள்தான் நிற்கும். மேலே காபியை முடித்துவிட்டு வரலாம் என்று இருந்தால் அடுத்த தீவில்தான் இறங்குவீர்கள். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை விரித்து ஒன்றிலும், சுருக்கி இன்னொன்றிலும் எழுதுவது நம்மவர்களுக்கே உரிய தலைவலி.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். தீனோஸ் தீவின் மாதா கோயிலுக்கு நாடே திரளும். அந்தத் தடத்தில் இடம் கிடைக்காது. ஜூன் முதல் பாதியும் செப்டம்பரும் தம்பதிகளுக்கு ஏற்றவை. செப்டம்பரில் கடல் ஜூனைவிட வெதுவெதுப்பாக இருக்கும். கோடை முழுக்கச் சூடேறிய நீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

டெலோஸைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. இடிபாடுகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்தப் பயணத்தின் சிகரமே டெலோஸ்தான். மைக்கோனோஸின் பழைய துறைமுகத்திலிருந்து படகில் அரை மணி நேரம். அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் பிறந்ததாகப் புராணம் சொல்லும் தீவு. கி.மு. 426-ஐ ஒட்டி ஏதென்ஸ்காரர்கள் அதைத் 'தூய்மைப்படுத்துவதாக'ச் சொல்லி அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டிப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். இனி இத்தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று விதித்தார்கள். ரோமானியர் காலத்தில் வரியில்லாத் துறைமுகமாகி, வணிகத்தில் கொழுத்து, அடிமைச் சந்தைக்கும் பேர்போனது. கி.மு. 88-லும் 69-லும் நடந்த தாக்குதல்களோடு வீழ்ந்தது. அதன்பின் பெரிய ஊர் எதுவும் மேலே எழும்பாததால்தான் ஒரு நகரமே தெரு தெருவாக இன்றும் நிற்கிறது. அந்த நகரைப் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1870-களில் தோண்டத் தொடங்கினார்கள்.

இப்போதும் அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. மரநிழல் கிடையாது என்றே சொல்லலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். காலையின் முதல் படகைப் பிடியுங்கள். வெயிலும் குறைவு, காற்றும் குறைவு. படகு டிக்கெட் வேறு, நுழைவுச்சீட்டு வேறு. இறங்கியதும் எல்லோரும் அங்குள்ள சிங்கச் சிலைகளைப் பார்க்க நேராக ஓடுவார்கள். முதலில் குந்தோஸ் குன்றில் ஏறிவிடுவது நல்லது. உயரம் 110 மீட்டரை ஒட்டித்தான். ஆனால் பதினோரு மணிக்கு மேல் படிக்கட்டு அடுப்பாகிவிடும். உச்சியிலிருந்து பார்த்தால் சிக்லடீஸ் தீவுகள் டெலோஸைச் சுற்றி நிற்பது தெரியும். இறங்கும் வழியில் நாடக அரங்கமும், மழைநீரைச் சேமித்த வளைவுகள் கொண்ட அதன் தொட்டியும், டயனைசஸ் வீடு, டால்பின்கள் வீடு ஆகியவற்றின் மொசைக் தரைகளும் வரும். சிங்கங்கள் கடைசியில். நாக்ஸோஸ்காரர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த பளிங்குச் சிங்கங்கள் அவை. வெளியில் நிற்பவை நகல்கள், மூலம் அருங்காட்சியகத்தில். ஒரு சிங்கம் மட்டும் வெனிஸ் நகரின் பழைய ஆயுதச்சாலை வாசலில், வேறு தலையோடு உட்கார்ந்திருக்கிறது. குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். நாக்ஸோஸ், பாரோஸ் தீவுகளிலிருந்து கோடையில் டெலோஸையும் மைக்கோனோஸையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாப் படகுகள் உண்டு. அவற்றில் டெலோஸுக்குக் கிடைக்கும் நேரம் போதாது.

சாண்டோரினியின் அக்ரோத்திரி பற்றிய வரியில் ஒரு பிழை. அங்கே வண்ணச் சுவரோவியங்களைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. பார்க்க முடியாது. கி.மு. 1600-ஐ ஒட்டிய எரிமலை வெடிப்பில் சாம்பலுக்குள் புதைந்த இந்த நகரை, 1967-இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடன் மரினாட்டோஸ் தோண்டத் தொடங்கினார். ஓவியங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கப்பல் ஊர்வலம், குத்துச்சண்டைச் சிறுவர்கள், வசந்தகால ஓவியம் ஆகியவை ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளன. நீலக் குரங்குகள் ஃபீரா ஊரின் அருங்காட்சியகத்தில். ஏதென்ஸைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு இதுதான் மற்றக் காரணம்: வீட்டைப் பார்த்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தால், அது எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று மனம் தானே பொருத்திப் பார்த்துக்கொள்ளும். அக்ரோத்திரியில் பார்க்க வேண்டியவை மாடி வீடுகள், கற்படிகள், தெருவுக்கு அடியில் ஓடும் கழிவுநீர் வழி, வரிசை வரிசையாகச் சாடிகள். மனித எலும்புகள் கிடைக்கவில்லை; மக்கள் முன்னதாகவே வெளியேறியிருக்க வேண்டும். 2005-இல் கூரை இடிந்து ஒரு பயணி இறந்ததால் மூடப்பட்டு, 2012-இல் திறக்கப்பட்டது. இடம் முழுவதும் கூரைக்குள் இருப்பதால் நடுப்பகலுக்கு ஏற்ற ஒரே இடிபாடு இதுதான். விடியற்காலையை இதில் வீணாக்காதீர்கள். அந்தக் குளிர்ந்த நேரத்தை, கமாரி, பெரிஸ்ஸா கடற்கரைகளுக்கு நடுவே மலைமேல் இருக்கும் பழைய தீரா நகரின் இடிபாடுகளுக்கு வையுங்கள். அங்கே நிழலும் இல்லை, காற்றும் ஆளைத் தள்ளும், பிற்பகலிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

நாக்ஸோஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்தே தெரியும் போர்த்தாரா என்ற பளிங்கு வாசல், கி.மு. 530-ஐ ஒட்டித் தொடங்கி முடிக்காமல் விட்ட அப்போலோ கோயிலின் மிச்சம். மாலையில் போகலாம், கட்டணம் இல்லை. சங்க்ரி ஊரருகே டிமீட்டர் கோயிலும், அப்போல்லோனாஸில் சுரங்கப் பாறையிலேயே படுத்துக் கிடக்கும், பத்து மீட்டருக்கு மேல் நீண்ட முடிவுறாச் சிலையும் வண்டி எடுத்துப் பார்க்க வேண்டியவை.

கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும் விதி எளிது: காற்று வடக்கிலிருந்து என்றால் தெற்குக் கரைக்குப் போங்கள். மிலோஸில் எல்லோரும் படம் பிடிக்கும் சராகினிகோ வடக்குக் கரையில் இருக்கிறது. மெல்டெமி அடிக்கும் நாளில் அங்கே குளிக்க இறங்குவது ஆபத்து. அதே நாளில் தெற்கே ஃபிரிப்லாக்கா குளம்போலக் கிடக்கும். சாண்டோரினியின் கறுப்பு மணல் நடுப்பகலில் பாதத்தைச் சுட்டுவிடும், செருப்பில்லாமல் நடக்க முடியாது. பெரிஸ்ஸாவில் நீர் தொடங்கும் இடத்தில் வழுக்கும் பாறைத் தட்டுகளும் உண்டு. அதே தீவின் 'ரெட் பீச்' எனப்படும் சிவப்புக் கரையில் பாறைச் சரிவு அபாயம் இருப்பதாக எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். படத்தைத் தூரத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். மணலுக்காகப் போகிறவர்களுக்கு நாக்ஸோஸின் அகியோஸ் புரோகோப்பியோஸ், பிளாக்கா கரைகள்தான். சாண்டோரினி மணலுக்கான தீவே அல்ல. சாய்வு நாற்காலிக்குப் பணம் கட்டியே தீர வேண்டும் என்பதும் இல்லை. 2024-இன் சட்டப்படி, வாடகை நாற்காலிகள் நீரிலிருந்து நான்கு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குத்தகைக்கு விட்ட கரையிலும் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும். துண்டை விரித்து உட்கார யாரும் தடுக்க முடியாது.

செலவு விவரங்கள் கட்டுரையில் பழையவை. அக்ரோபோலிஸ் நுழைவுக் கட்டணம் 2025 ஏப்ரல் முதல் 30 யூரோ. பல இடங்களுக்கும் சேர்த்து விற்ற கூட்டுச் சீட்டு இப்போது இல்லை. நேரம் குறித்துத்தான் சீட்டு தருகிறார்கள். டெலோஸ், அக்ரோத்திரி, கிரீட் தீவின் க்னோஸோஸ் அரண்மனை தலா 20 யூரோ. கடும் வெப்ப நாள்களில் அக்ரோபோலிஸை நண்பகல் முதல் மாலை ஐந்துவரை மூடியிருக்கிறார்கள். எட்டு மணிச் சீட்டை வாங்கிவிட்டால் கவலையில்லை. குதிகால் உயர்ந்த செருப்புக்குத் தொல்லிடங்களில் தடை. நினைவுக்காக ஒரு கல்லை எடுத்துப் பையில் போடுவது அங்கே குற்றம்.

விடுதிக் கணக்கிலும் ஒரு வரி சேரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, அறைக்கு ஓர் இரவுக்கு ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதியில் 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் அடங்காது, நேரில் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று வரவேற்பறையில் சண்டை போட வேண்டாம்.

வண்டி வாடகைக்கு எடுக்க, நம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். கார் உரிமத்தைக் காட்டி ஸ்கூட்டர் எடுத்து விழுந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். மண்பாதையில் ஏற்படும் சேதம், டயர், வண்டியின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்கு வெளியே. எடுக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவம் உண்பவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்ற தொனி கட்டுரையில் இருந்தது. தவறு. எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகையை லாதேரா என்பார்கள். உணவுப் பட்டியலில் அதற்குத் தனி இடமே உண்டு. தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்த கெமிஸ்தா, பெரிய வெள்ளை மொச்சையில் செய்யும் கிகாந்தெஸ், சாண்டோரினியின் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்த ஃபாவா என்று இரண்டு வேளைக்கும் தாராளம். கெமிஸ்தாவில் மட்டும் இறைச்சி கலந்ததா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு விதமும் செய்வார்கள். சாண்டோரினியிலும் மைக்கோனோஸிலும் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

விசாவைப் பற்றி இரண்டு குறிப்புகள். கிரீஸுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. கட்டுரையில் இருந்த 80 பழைய கணக்கு. கணவன், மனைவி இருவரும் தனித்தனி விண்ணப்பம் தர வேண்டும். மருத்துவக் காப்பீடு தலா 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக் காலத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் தள்ளிப்போடக் கூடாது. தீவு வாரியாக விடுதிப் பதிவுகளை வைக்கும்போது தேதிகளுக்கு நடுவே ஓர் இரவு விடுபட்டால் கேள்வி வரும். இரவுநேரக் கப்பலில் போகிறவர்கள் அந்தக் கப்பல் டிக்கெட்டையும் சேர்த்து வைக்க வேண்டும்.

இதுபோன்ற திட்டத்தை அடுத்த முறை வெளியிடும்போது, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கப்பல் புறப்படும் துறைமுகத்தையும் பயண நேரத்தையும் அச்சிடுங்கள். கோர்ஃபு வரிக்கு எதிரே எதை எழுதுவது என்று பார்க்கும்போதே பிழை வெளியே வந்திருக்கும்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்